அத்தியாயம் 9: துணையாள் பெயர்

போன வாரம் செர்ஜானின் கோட்டுப் பையில் கம்ஷத் கண்டெடுத்தது சிகரெட் இல்லை என்று நிம்மதியடைந்த வாசகர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். சிகரெட்டாக இருந்திருந்தால் புருஷனை நாலு வார்த்தை திட்டிவிட்டு அன்றே மறந்திருப்பாள். கிடைத்தது குர்த். புளித்த தயிரை உப்புப் போட்டு உருட்டிக் காய வைப்பார்களே, அந்த உருண்டைகள். நீல நூலில் பூத்தையல் போட்ட ஒரு சின்னத் துணிப்பைக்குள் ஒன்பது இருந்தன.

சிகரெட் நினைப்பு வரும்போது வாயில் அடக்கிக்கொள்ள நல்ல பொருள்தான். ஆனால் பதினோரு வருடமாக அந்த வீட்டில் குர்த் உருட்டுகிறவள் கம்ஷத். "நீ பண்றதுல உப்பு ஜாஸ்தி" என்று போன மாதம் செர்ஜான் சொன்னபோது அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. துணிப்பையைப் பார்த்ததும் எல்லாம் புரிந்துவிட்டது.

பூத்தையல் யார் கைவேலை என்று கண்டுபிடிக்க ஜோசியரிடம் போக வேண்டியதில்லை. பீபிகுல்.

செர்ஜான் வேலை பார்ப்பது கோஸ்தனாய் ஊருக்கு வெளியே இருக்கும் மாவு ஆலையில், எந்திரம் பழுது பார்க்கும் பிரிவில். மாவுத் தூசி பறக்கிற இடத்தில் ஒரு தீப்பொறி விழுந்தால் கூரையே எகிறிவிடும். அதனால் புகைக்கிறவர்கள் கேட்டைத் தாண்டி ஒரு தகரக் கொட்டகைக்குப் போக வேண்டும். பனிக்காலத்தில் போய்த் திரும்ப இருபது நிமிடம். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏழெட்டு நடை. புதிதாக வந்த இயக்குநர் இதை ஒரு வாரம் ஜன்னல் வழியாகப் பார்த்தார். நவம்பரில் திட்டத்தை அறிவித்துவிட்டார்.

பத்து நாள் புகைக்காமல் இருந்தால் ஒரு மூட்டை முதல்தர மாவு. ஐம்பது நாள் இருந்தால் உள்ளே கம்பளி வைத்த பூட்ஸ். நூறு நாள் இருந்தால் புரபாய் ஏரிக்கரை சானடோரியத்தில், அதாவது ஓய்வு விடுதியில், ஒரு வாரம், இருவருக்கு.

"நாங்க பிறந்ததிலேருந்து பிடிச்சதே இல்லை, எங்களுக்கு என்ன? இன்னைக்கு ஆரம்பிச்சு நாளைக்கு விட்டுடறோம், பூட்ஸைக் குடுங்க!" என்று மூட்டை தூக்குகிறவர்கள் கத்தியது தனிக்கதை.

ஒரு நிபந்தனை இருந்தது. விடுகிறவன் ஒவ்வொருவனும் ஒரு துணையாளின் பெயரைப் படிவத்தில் எழுதித் தர வேண்டும். வீட்டு மனுஷராக இருக்கலாம், ஆலை மனுஷராகவும் இருக்கலாம். புகைக்காதவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கை நமநமக்கும் போதெல்லாம் துணையாளுக்குப் போன் போட வேண்டும். திங்கட்கிழமைதோறும் இருவரும் ஆலை நர்ஸ் முன்னால் ஒரு சின்னக் கருவியில் ஊத வேண்டும். ஆறுக்குள் எண் வந்தால் சுத்தம். பத்தைத் தாண்டினால் புகை.

செர்ஜான் எழுதிக் கொடுத்த பெயர் பீபிகுல். ஆலைப் பரிசோதனைக் கூடத்தில் மாவின் ஈரம் பார்க்கிறவள். கணவனோடு விவாகரத்தாகி நான்கு வருடம். கன்னத்தில் குழி விழும்.

அன்று முதல் கம்ஷத்துக்கு வீட்டில் நிம்மதி இல்லை. சாப்பாட்டில் உட்கார்ந்திருப்பவன் திடீரென்று எழுந்து மாடிப்படிக்குப் போவான். அங்கிருந்து மெதுவான பேச்சும் சிரிப்பும் கேட்கும். திரும்பி வந்து ஒன்றும் நடக்காத மாதிரி ரொட்டியைப் பிய்ப்பான். அவன் எரிந்து விழுந்ததெல்லாம் கம்ஷத்துக்கு, சிரித்ததெல்லாம் மாடிப்படிக்கு. இப்படியே தொண்ணூற்றொன்பது நாள்.

நூறாவது நாள் திங்கட்கிழமை.

அன்று காலை கம்ஷத் ஒரு நம்பிக்கையோடு எழுந்தாள். காரணம், மாமியார் உல்மெகேன் கையிலிருந்த வெள்ளி வளையல்.

நல்ல சேதியை முதலில் கொண்டுவருகிறவர் "சுயின்ஷி!" என்று கை நீட்டினால் கேட்கிறவர் பரிசு கொடுக்காமல் தப்ப முடியாது. உல்மெகேன் நவம்பரிலேயே எல்லோர் காதிலும் விழும்படி சொல்லியிருந்தாள்: "என் பிள்ளை நூறு நாள் தாண்டிட்டான்னு யார் முதல்ல வந்து சொல்றாங்களோ, அவங்களுக்கு இந்த வளையல்." தடிமனான பழைய வளையல், நடுவில் சிவப்புக் கல். கம்ஷத் மருமகளாய் வந்த நாளிலிருந்து அதன்மேல் அவளுக்கு ஒரு கண்.

எட்டு மணிக்கு ஊதியதும் எண்ணை அனுப்புவதாக செர்ஜான் சொல்லியிருந்தான். எட்டு மணி இரண்டு நிமிடத்துக்கு அவள் போனில் வந்தது: 'மூணு'.

மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு கம்ஷத் கூடத்துக்கு ஓடினாள். உல்மெகேன் சோபாவில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் எல்லாப் போனும் ஒலிபெருக்கியில்தான்.

"சுயின்ஷி, அம்மா! சுயின்ஷி!" என்று போன் பீபிகுலின் குரலில் கத்தியது.

"சொல்லுடி கண்ணு, சொல்லு! என்ன வேணாலும் கேளு!"

"மூணும்மா! உங்க பிள்ளை ஊதினாரு, மூணுதான் காட்டுச்சு. நூறு நாளும் முடிஞ்சுது!"

"உன் வாயில வெண்ணெய் வைக்க! வளையல் உனக்குத்தான்டி. மத்தியானம் விழாவுக்கு வரேன்ல, என் கையாலயே போட்டு விடறேன்."

கம்ஷத் வாசல்படியில் நின்றாள். கையில் போன், போனில் 'மூணு'. அம்மாவாம்! யாருக்கு யார் அம்மா?

"அத்தை, அதைச் சொல்லத்தான் நான் ஓடி வந்தேன்."

"நீ வர்றதுக்குள்ள அவ சொல்லிட்டாளே, நான் என்ன பண்ண?" என்றாள் உல்மெகேன் சந்தோஷம் குறையாமல். "அப்புறம் ஏரிக்கரைக்கும் அவதான் போறாளாம். சீட்டு துணையாளுக்குத்தானாமே. உனக்குத் தெரியுமா?"

கம்ஷத்துக்குத் தெரியாது. இருவருக்கு என்றால் புருஷன் பெண்டாட்டிக்கு என்றுதான் நினைத்திருந்தாள். சானடோரியத்தில் வெந்நீர்க் குளம் உண்டு என்று கேள்விப்பட்டு, ஜனவரியில் சந்தையில் ஒரு பச்சை நிற நீச்சல் உடைகூட வாங்கி அலமாரிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள். முப்பத்தைந்து வயதில் வாங்கிய முதல் நீச்சல் உடை.

"டீ ஊத்தும்மா" என்றாள் உல்மெகேன். "நல்ல பொண்ணு அந்த பீபிகுல். சுத்தமான பொண்ணு. மூணாம் மாடிக்காரன் பொண்டாட்டி மாதிரியா? பொம்பள வாயில புகை வந்ததை என் கண்ணால பார்த்தேன். அன்னையிலேருந்து அந்த வீட்டு டீயைக் கையால தொடறதில்ல."

கம்ஷத் பால் ஊற்றி, டீ ஊற்றி, கிண்ணத்தை இரண்டு கையாலும் மாமியாரிடம் நீட்டினாள். பிறகு இறைச்சி எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டுப் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கண்ணாடி அடைத்த பால்கனிதான் அந்த வீட்டின் குளிர்பெட்டி. பனிக்காலத்துக்கென்று வெட்டிய குதிரை இறைச்சி மூட்டை மூட்டையாக அங்கே உறைந்து கிடக்கும். மூன்றாவது மூட்டைக்குப் பின்னால் ஒரு காலி மிட்டாய் டப்பா. டப்பாவுக்குள் ஒல்லி சிகரெட் ஆறு, ஒரு லைட்டர்.

வாசகர்கள் வாயைப் பிளக்க வேண்டாம். கம்ஷத் ஆறு வருடமாகப் புகைக்கிறாள். நாளுக்கு இரண்டு, மனசு சரியில்லாத நாளில் மூன்று. ஆரம்பித்ததே செர்ஜானின் கோட்டுப் பையிலிருந்துதான். வீட்டில் வாசம் அடித்தால் பழி அவன்மேல் விழும். எத்தனை சௌகரியமான வாழ்க்கை! அவன் விட்ட பிறகு எல்லாம் கெட்டது. மூன்று நிறுத்தம் தள்ளி, யாரும் தெரியாத கடையில் போய் வாங்க வேண்டியிருந்தது. பிறகு காப்பிக்கொட்டையை மென்றுகொண்டு வீட்டுக்கு வர வேண்டியிருந்தது.

அவன் விட்டதற்கு மாவு மூட்டை, பூட்ஸ், கைத்தட்டல். இவள் விட நினைத்தால் யாரிடம் போய்ச் சொல்வாள்? எந்த ஆலை இவளுக்குத் துணையாள் வைக்கும்? பீபிகுல்மேல் பொறாமை என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தாள். அன்று காலை புகையை உள்ளே இழுக்கும்போது செர்ஜான்மேலும் பொறாமைதான் என்று தெரிந்தது. தெரிந்ததும் இன்னொன்று பற்ற வைத்தாள்.

பகல் ஒரு மணிக்கு, இருவரையும் விழாவுக்குக் கூட்டிப்போக செர்ஜான் வந்தான். உல்மெகேன் வெல்வெட் கோட்டைத் தேடி உள்ளே போனாள். சமையலறையில் கம்ஷத் அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏரிக்கரைக்கு யாரோட போறீங்க?"

"அதுவா... துணையாளுக்குன்னு வச்சுட்டாங்க. நான் போகப் போறதில்ல. சீட்டைத் திருப்பிக் குடுத்துடுவேன்."

"குடுக்கறதும் குடுக்காததும் அப்புறம். துணையாளா வீட்டு மனுஷங்க இருக்கலாமா, கூடாதா?"

"இருக்கலாம்."

"பொண்டாட்டி வீட்டு மனுஷியா, இல்ல அடுத்த வீட்டு மனுஷியா?"

"கம்ஷத், விடு."

"நூறு நாளா நாயா பேயா உங்க கோபத்தைத் தாங்கினவ நான். தூக்கம் வரலைன்னு நீங்க புரண்டப்ப முதுகு தேய்ச்சவ நான். அவ பண்ணது என்ன? போன்ல கெக்கெக்கேன்னு சிரிச்சா. அதுக்கு வளையல், சீட்டு. என் பேரை ஏன் எழுதல? சொல்லுங்க."

செர்ஜான் அவளைப் பார்த்தான். பால்கனிக் கதவைப் பார்த்தான். பிறகு குனிந்து, பரிசாக வந்த பூட்ஸின் கயிற்றை இறுக்கினான். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

"கேட்காதே" என்றான்.

"கேட்க என்ன இருக்கு! எல்லாம் தெரியுதே!"

ஆலையின் சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகளை ஓரம் தள்ளி நாற்காலி போட்டிருந்தார்கள். நவம்பரில் தொடங்கியவர்கள் பதினெட்டுப் பேர். கடைசிவரை தாக்குப்பிடித்தவர்கள் நான்கே பேர். நான்கு பேரும் சவரம் பண்ணிக்கொண்டு மாப்பிள்ளைகள் மாதிரி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் நர்ஸ் ரிம்மா கார்லோவ்னா, ஒரு பெரிய பதிவேடு, ஊதும் கருவி. கூட்டத்துக்கு முன்னால் கடைசியாக ஒருமுறை எல்லோரும் ஊதிக் காட்ட வேண்டுமாம். பீபிகுல் கருவியைப் பிடித்துக்கொண்டு எண்ணைச் சத்தமாக வாசித்தாள், ரிம்மா குனிந்து எழுதினாள். மாவின் ஈரத்தைத் தினமும் வாசிக்கிற குரல், தெளிவாக இருந்தது.

செர்ஜானுக்கு மறுபடியும் மூன்று. கைத்தட்டல் அடங்குவதற்குள் உல்மெகேன் விறுவிறுவென்று மேடையேறி, வளையலைக் கழற்றி பீபிகுல் கையில் போட்டுவிட்டாள். கன்னத்தில் முத்தமும் கொடுத்தாள். குழி விழுந்தது.

"சீட்டு, செர்ஜானுக்கும் துணையாள் பீபிகுலுக்கும்" என்று ரிம்மா படித்தாள்.

பின்னாலிருந்து மூட்டை தூக்குகிறவன் ஒருவன், "குளத்துல பார்த்து இறங்குங்கடா!" என்றான். கூடமே சிரித்தது. கம்ஷத்துக்குக் காது மடல் எரிந்தது.

பீபிகுல் கையை உயர்த்தினாள். "எனக்குச் சீட்டு வேணாம். கம்ஷத் போகட்டும். வீட்டுல கஷ்டப்பட்டது அவதானே. பேரை மாத்தி எழுதுங்க."

மறுபடியும் கைத்தட்டல். எல்லோரும் திரும்பிக் கம்ஷத்தைப் பார்த்தார்கள். என் புருஷனோடு நான் போக இவள் அனுமதி தருகிறாளா என்று கம்ஷத் பல்லைக் கடித்தாள். பீபிகுல் சீட்டைத் தானே வைத்துக்கொண்டிருந்தால்கூட அவள் மேல் இத்தனை ஆத்திரம் வந்திருக்காது.

"மாத்தலாம், இன்னும் முத்திரை குத்தல" என்றாள் ரிம்மா. "ஆனா துணையாள்னா ஊதணும். விதி. சும்மா ஒரு தடவை ஊதிட்டுப் போம்மா."

"வேணாம்!"

கத்தியது செர்ஜான். எழுந்தே விட்டான். "பேரை மாத்த வேணாம். பீபிகுல் பேரே இருக்கட்டும்."

ஊரார் முன்னால், மாமியார் முன்னால், கட்டிய புருஷன் வாயால் சொல்லிவிட்டான். கம்ஷத் எழுந்தாள். நாற்காலி ஒன்று கீழே விழுந்தது. மேடைக்கு எப்படிப் போனாள் என்று அவளுக்கே தெரியாது.

"குடுங்க. ஊதறேன்."

"மூச்சை இழுத்துப் பிடி. நான் பதினஞ்சு எண்ணறேன், அப்புறம் மெதுவா விடு" என்றாள் ரிம்மா. "ஒண்ணு. ரெண்டு."

கம்ஷத் பீபிகுலின் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுது என் பெயரை. எழுதிவிட்டு அந்த வளையலோடு வீட்டுக்குப் போ.

"ஆறு. ஏழு."

ஏழில் பால்கனி ஞாபகம் வந்தது. மிட்டாய் டப்பா ஞாபகம் வந்தது. காலையில் ஒன்றல்ல, இரண்டு.

மூச்சை விட்டுவிடலாமா? மயக்கம் என்று உட்கார்ந்துவிடலாமா? முன்வரிசையில் உல்மெகேன் மடி நிறைய மிட்டாயை வைத்துக்கொண்டு, நல்ல சேதிக்குத் தூவுகிற வழக்கப்படி எண் வந்ததும் இறைக்கத் தயாராகக் காத்திருந்தாள்.

"பத்து. பதினொண்ணு."

கம்ஷத் செர்ஜானைப் பார்த்தாள். அவன் முகத்தில் கோபம் இல்லை. குழந்தை ஜன்னல் விளிம்பில் நிற்பதைப் பார்க்கிறவன் முகம் அது. அவனுக்குத் தெரியும். எவ்வளவு நாளாகவோ தெரியும். படிவத்தில் ஏன் அவள் பெயர் இல்லை என்பது அந்த நொடியில் அவளுக்கு விளங்கியது.

"பதினஞ்சு. ஊது."

இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊதினாள்.

கருவி கீச்சென்றது. ரிம்மா பேனாவோடு குனிந்தாள். பீபிகுல் எண்ணைப் பார்த்தாள். கண் இமைக்கவில்லை. வளையல் போட்ட கையால் கருவியை மூடிக்கொண்டு, மாவின் ஈரத்தை வாசிக்கிற அதே குரலில் சொன்னாள்:

"நாலு."

"சுத்தம்" என்று ரிம்மா எழுதினாள். முத்திரை விழுந்தது. உல்மெகேன் இரண்டு கையாலும் மிட்டாயை வாரி இறைத்தாள். பெண்கள் எல்லாம் சிரித்துக்கொண்டு தரையில் பொறுக்கினார்கள். ஒரு மிட்டாய் கம்ஷத்தின் தலைமுடியில் சிக்கிக்கொண்டது. கையில் சீட்டு இருந்தது. அதில் செர்ஜானின் பெயர், பக்கத்தில் அவள் பெயர்.

தப்பித்துவிட்டாள்.

பீபிகுல் அணைப்பது போல அருகில் வந்து காதோடு சொன்னாள். "பயப்படாதே. சீட்டுல பேர் மாத்தவும் ஊதணும்பாங்கன்னு நான் நினைக்கல. பால்கனி விஷயம் எனக்கு முதல் நாளே தெரியும். உன்னை ஊத வச்சா அம்மாவுக்குத் தெரிஞ்சு போயிடும்னு செர்ஜான் அழாத குறையாச் சொன்னாரு. அதுக்குத்தான் என் பேரை எழுதினது. நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். அதில் சந்தேகம் இல்லை.

ஆனால் கம்ஷத்துக்கு மாடிப்படி நினைவுக்கு வந்தது. நூறு நாள் அங்கே கேட்ட மெதுவான பேச்சு. அவன் தன் பெண்டாட்டியின் ரகசியத்தைப் பற்றிப் பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவளிடம் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறான். 'நீயும் விடேன், சேர்ந்து விடலாம்' என்று தன்னிடம் சொல்ல வேண்டிய வாயால், இவளிடம் 'நமக்குத் தெரியும்னு கம்ஷத்துக்குத் தெரியக் கூடாது' என்று சொல்லியிருக்கிறான். இருவரும் சேர்ந்து, நோயாளிக்குச் சேதி மறைப்பது போல மறைத்திருக்கிறார்கள். இனி ஆயுசுக்கும் இந்தக் கன்னக்குழிக்கு அவள் நன்றி சொல்ல வேண்டும்.

மாமியார் டீயைத் தொடாமல் போனாலும் போகட்டும். இவள் தயவில் வாழ முடியாது.

கம்ஷத் பீபிகுலின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிக் கருவியை எடுத்தாள். எண் இன்னும் அணையவில்லை. செர்ஜான் "கம்ஷத்!" என்று ஓரடி முன்னால் வந்தான். அவள் அவனைத் தாண்டி, மடியில் மிச்சமிருந்த மிட்டாய்களோடு உட்கார்ந்திருந்த மாமியாரிடம் போனாள். காலையில் டீ கொடுத்தது போலவே இரண்டு கையாலும் நீட்டினாள்.

"அத்தை, அவ சொன்னது வேற. நீங்களே வாசிங்க."

உல்மெகேன் சிரித்தபடியே வாங்கினாள். கழுத்தில் தொங்கிய கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டாள். கருவியைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள், பிறகு கிட்டத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"பதினேழு" என்று சத்தமாக வாசித்தாள்.